காலிக் கூடு

த்ரீடி பிரிண்டரில் கறுப்புப் பிளாஸ்டிக் கூடு அச்சிட்டு, உள்ளே கான்கிரீட் நிரப்பி, மேசை விளக்குக்கு அடிப்பாகம் செய்கிறேன். மொட்டைமாடியில் காயவைத்து எடுத்தால் பக்கமெல்லாம் நெளிநெளியாக இருந்தது. கலவை போடும் அக்காவிடம் எரிந்து விழுந்தேன்.

"தண்ணி ஜாஸ்தி ஊத்துறீங்கக்கா. அதான் இப்டி ஆவுது."

அவர் அடுத்த கலவையிலேயே தண்ணீரைக் குறைத்தார். இறுகிய கலவை கூட்டின் சின்ன வாய்க்குள் இறங்காததால் விரலாலேயே குத்தித் திணித்தார். சிமெண்ட் அரித்து விரல் நுனிகள் வெடித்துப்போயின. நெளிவு மட்டும் போகவில்லை.

அமாவாசைக்கு அவர் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போன அன்று, மாடியில் ஒரு காலிக் கூட்டை மறந்து வைத்துவிட்டேன். சாயங்காலம் பார்த்தால் கலவையே படாத அதுவும் அதேபோல் நெளிந்திருந்தது. செஞ்சி வெயிலில் பிளாஸ்டிக் இளகியிருக்கிறது. வெயிலில் வைத்த முட்டாள் நான்தான்.

அக்கா திரும்பி வந்து நிரப்பியதை மாடிப்படிக்கு அடியில் நிழலில் காயவைத்தேன். ஏன் என்று சொல்லவில்லை. மறுநாள் வழவழவென்று இருந்த கூட்டை அவர் வெடித்த விரலால் தடவிப் பார்த்தார்.

"கலவை போடுற என் கை சரியாவணும்னு அங்காளம்மாகிட்ட வேண்டிக்கினு வந்தேன் தம்பி. சரியாயிடுச்சு இல்ல?"

"ஆமாங்க்கா, சரியாயிடுச்சு" என்றேன்.