பருத்திக்கொட்டை மூட்டை

கோவில்பட்டியில் இருபது வருஷமாகக் கார் பட்டறை வைத்திருந்த ஜேம்ஸ்ராஜுக்குத் தன் கைவேலையில் கொஞ்சம் கர்வம் உண்டு. 2003-இல் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி நவநீதகிருஷ்ணன் தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் தாழ்த்தித் தரக் கேட்டபோது, குட்டை ஸ்பிரிங்கும் புது ஷாக் அப்சார்பரும் மாட்டி மூன்று அங்குலம் இறக்கினான். ஆள் எடைக்குச் சீட்டில் பருத்திக்கொட்டை மூட்டைகளை ஏற்றிக் கரிசல் பாதையில் ஓட்டியும் பார்த்தான். அடி எங்கும் தட்டவில்லை.

வண்டி எடுக்க முதலாளி தன் அம்மா மீனாட்சியம்மாளோடு வந்தார். வாராவாரம் விளாத்திகுளத்து மகள் வீட்டுக்கு அந்த அம்மாள் போவது இந்தக் காரில்தான். ஆசையாக உட்கார்ந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. இருவரும் ஆளுக்கொரு கை பிடித்துத் தூக்கினார்கள். அவருடைய முழங்கால் வலி ஜேம்ஸ்ராஜுக்குத் தெரியாததல்ல. மூட்டை தானாக இறங்க வேண்டியதில்லை என்பதுதான் உறைக்காமல் போயிற்று.

"பழைய ஸ்பிரிங்கையே மாட்டிருதேன் ஆச்சி."

"வேண்டாம்யா. காரு நல்லாத்தான் இருக்கு, எனக்குல்லா வயசாயிட்டு."

அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில், விளாத்திகுளம் பஸ்ஸின் படியில் அவர் கம்பியைப் பிடித்துத் திணறி ஏறுவதைப் பார்த்தவன் டீக்கடைக்குள் ஒதுங்கினான். அவரோ ஜன்னல் வழியே கூப்பிட்டார்.

"ஜேம்சு, காரு எங்கயும் தட்டலையாம். எம்மவன் உன்னைத்தான் மெச்சிக்கிட்டே இருக்கான்."