ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டார்கள்

நான் குடியிருப்பது இல்லாத ஒரு மாடியில். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் எங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்டில் மூன்றுக்கு அடுத்த பொத்தான் 3ஏ, அதற்கு அடுத்தது ஐந்து. சீனர்களுக்கு நாலு ஆகாதாம், சாவை நினைவூட்டுமாம். அதனால் நாலையே தூக்கிவிட்டார்கள். மலாய்க்காரர், சீனர், தமிழர் என்று எல்லோரும் 3ஏயை அழுத்திவிட்டு ஒன்றுமே நடக்காதது போல நிற்பார்கள். பாளையங்கோட்டையிலிருந்து வந்து இறங்கிய முதல் வாரமே நான் ஒரு முடிவெடுத்தேன்: இந்த ஊரில் எது விசித்திரம், எது வழக்கம் என்று ஆராயக் கூடாது, பேசாமல் பொத்தானை அழுத்த வேண்டும். நல்ல முடிவுதான். அதனால்தான் என் மூளைக்கு வைத்தியம் பார்க்க ஒன்பது மாதம் தாமதமானது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு வந்தது சைக்கோசிஸ். யாரும் பேசாத பேச்சு காதில் கேட்கும், நடக்காத ஒன்றை நடக்கிறது என்று சத்தியம் பண்ணத் தோன்றும். தைப்பூசம் முடிந்த வாரம் பக்கத்து வீட்டுச் சுவருக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல் என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. "இவ இன்னைக்கும் தல சீவல பாத்தியா" என்றது. பக்கத்து வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற சீன வாத்தியார், தனியாள். அவருக்கு எப்படி இத்தனை சுத்தமான திருநெல்வேலித் தமிழ் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இங்கேதான் ஆளுக்கு மூன்று மொழி பேசுகிறார்களே, இவர் கூடுதலாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பார் என்று இருந்துவிட்டேன். அவர் உச்சரிப்பைப் பாராட்டக்கூடச் செய்தேன், மனதுக்குள்.

அப்புறம் வேலை மும்முரமாக நடந்தது. அவர் கேட்காமலிருக்க பிளக் ஓட்டைகளுக்கெல்லாம் டேப் ஒட்டினேன். சமையலறை எக்ஸாஸ்ட் விசிறியைத் துணியால் மூடினேன். சாப்பாட்டில் எதையோ கலக்கிறார்கள் என்று பட்டதால் கோகிலாக்கா சமைத்ததைத் தொடுவதில்லை. கோகிலாக்கா எனக்கு அறை வாடகைக்கு விட்டவர், ஐம்பதைத் தொடும் தனிக்கட்டை. கப்பல் கம்பெனி ஒன்றில் கிராணி வேலை. குமாஸ்தாவை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். மூன்று தலைமுறையாகப் பினாங்கில் இருக்கும் தமிழ்க் குடும்பம். டேப்பைப் பார்த்து வாஸ்து என்று நினைத்தாராம். சாப்பிடாததை விரதம் என்று நினைத்தாராம். பிறகு ஒருநாள் அவரே சொன்னார்: "ஊர்ல இருந்து வந்தவங்களாச்சே, அங்க ஏதோ பழக்கம்போலன்னு விட்டுட்டேன் செல்வி. கேட்டா நீ மனசு நோவேன்னு பயந்தேன்லா."

பாயான் பாருவில் என் தொழிற்சாலையில் கதை இன்னும் அழகு. கணினிச் சில்லுகளை எக்ஸ்ரேயில் பார்த்துக் குறை கண்டுபிடிப்பது என் வேலை. சக ஊழியர்கள் யார் யாரோடு எப்போது பேசுகிறார்கள் என்று நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுத ஆரம்பித்தேன். தலை நிமிராமல் எழுதும் இந்தியப் பெண்ணைப் பார்த்த என் சீன மேலாளர், கூட்டத்தில் எழுந்து நின்று, செல்வியைப் போல எல்லோரும் ஈடுபாட்டோடு இருக்க வேண்டும் என்றார். கைதட்டினார்கள். நான் அதையும் நோட்டில் குறித்துக்கொண்டேன்.

இதுவே பாளையங்கோட்டையாக இருந்தால்? டேப் ஒட்டிய மறுநாளே தெரு மொத்தமும் வீட்டுக்குள் வந்திருக்கும். காத்து கருப்பு என்பார் ஒருவர், காதல் தோல்வி என்பார் இன்னொருவர். கையில் கயிறு, இடுப்பில் தாயத்து, அதற்கும் அடங்காவிட்டால் கல்யாணம். டாக்டரின் முறை எப்போது வந்திருக்குமோ, தெரியாது. ஆகவே ஊரில் இருப்பவர்கள் ரொம்பப் பெருமைப்பட வேண்டாம். ஆனால் அங்கே யாராவது உள்ளே வந்து என்னவென்று கேட்டிருப்பார்கள். இங்கே எல்லோரும் நாகரிகமானவர்கள், கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஒன்பது மாதமும் நான் பயந்து செத்துக்கொண்டிருந்தேன் என்பதை மட்டும் இங்கே சிரிக்காமல் சொல்லிக்கொள்கிறேன்.

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சாயங்காலம் பொறுக்கமுடியாமல் போய் வாத்தியார் கதவை இடித்தேன். திறந்தார். என்னிடமிருந்த மொத்தத் திருநெல்வேலியையும் அவர் தலையில் கொட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, உள்ளே போய் ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்து நீட்டினார். பண்டிகை வாழ்த்துச் சொல்ல வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார் மனிதர். சத்தம் கேட்டுக் கோகிலாக்கா ஓடி வந்தார்.

"இவருக்குத் தமிழ் தெரியாதுலா, செல்வி."

"தெரியாத மாதிரி நடிக்காருக்கா."

"இருபது வருசமா பாக்குறேன்மா. 'வணக்கம்'கூடச் சொல்ல வராது."

அக்கா என் முகத்தையே பார்த்தார். "இது ஊர் பழக்கம் இல்ல, என்னா?" என்றார் மெதுவாக. நான் அழுதேன். மறுநாள் காலை அக்கா வேலைக்கு லீவு சொல்லிவிட்டு என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. மற்றவர்களுக்குக் கேட்காதது உங்களுக்குக் கேட்கிறதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். "டாக்டர், இந்த ஊரில் மற்றவர்களுக்குப் புரிவதே எனக்குப் புரிவதில்லை" என்றேன். ஜோக் சொன்னதாக எனக்குப் பெருமை. அவர் மூன்று வரி எழுதிக்கொண்டார். மாத்திரை ஆரம்பித்தது. தூக்கம் வந்தது, எடை வந்தது, சில வாரங்களில் சுவர் வெறும் சுவரானது.

தலையை ஸ்கேனும் எடுத்தார்கள். தொழில் புத்தி சும்மா இருக்குமா? படத்தைப் பார்த்ததும், "குறை எந்த இடத்தில்?" என்று கேட்டேன். டாக்டர் சிரித்தார். ஒருவருடைய படத்தை வைத்துக் கண்ணால் சொல்ல முடியாதாம். கட்டி ஏதும் இல்லை என்று பார்க்கத்தான் எடுத்தார்களாம். பல பேருடைய மூளையை ஒப்பிட்டுப் பார்க்கும்போது சில இடங்கள் சற்று மெலிந்திருப்பது தெரிகிறது, ஆனால் வைத்தியம் தாமதமானதால்தான் மெலிகிறதா என்பதில் ஆராய்ச்சிக்காரர்களுக்குள் இன்னும் ஒத்துப்போகவில்லை என்றார். "ஒன்று மட்டும் தெரியும். தாமதம் கூடக்கூட, மீண்டு வருவது கடினமாகிறது." தொழிற்சாலையில் ஒரு சில்லில் குறை தெரிந்தால் வரிசையையே நிறுத்துகிறவள் நான். என் தலையை மட்டும் ஒன்பது மாதம் ஓடவிட்டிருக்கிறேன்.

நோய் மறுபடி வரலாம் என்றும் சொன்னார். வந்தால் முதல் வாரமே பிடித்துவிட வேண்டும். அதற்கு, முதன்முதலில் என்ன மாறியது என்று தெரிய வேண்டும். குரலுக்கு முன்பே ஏதாவது மாறியிருக்கும், உங்களை முன்பிருந்தே தெரிந்தவரிடம் கேட்டு வாருங்கள் என்றார். என்னை முன்பிருந்தே தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஆள்தான். அவரிடம் நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. சொன்னால் அடுத்த விமானத்திலேயே இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அம்மாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"இப்ப கேக்குதா ஏளா, அந்தக் குரலு?"

"இல்லம்மா. நின்னுட்டு. நான் எப்பம்மா முதல்ல ஒரு மாதிரி ஆனேன்? யோசிச்சுச் சொல்லு."

அம்மா சொன்னாள். "நீ என்கூட சண்ட போடுறத நிறுத்திட்டியே ஏளா. போன வருசம் ஆவணியிலே. எதச் சொன்னாலும் சரிம்மா, சரிம்மான்னுட்டு இருந்த. அந்தத் தூத்துக்குடி மாப்பிள்ள போட்டோவப் போன்ல காட்டினேன், அதுக்கும் சரிம்மான்ன. வெளிநாடு போயி பிள்ளைக்குப் பக்குவம் வந்துட்டுன்னு தெரு பூரா சொல்லிக்கிட்டு அலைஞ்சேனே. பிள்ளையாருக்கு விடலத் தேங்கா போட்டேனே பாவி."

ஆவணி. தைப்பூசத்துக்கு ஐந்து மாதம் முன்னால். நான் பார்க்காத ஐந்து மாதத்தை அம்மா பார்த்திருக்கிறாள், பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறாள். இரண்டு பேரும் அழுதோம். மூக்கைச் சிந்திவிட்டு அம்மா, "டிக்கெட் போடு, கிளம்பி வா" என்றாள்.

"வரமாட்டேன்."

"என்னது?"

"வரமாட்டேம்மா. டாக்டர் இங்க இருக்காவ, வேல இங்க இருக்கு. அந்தத் தூத்துக்குடிக்காரனையும் வேண்டாம்னு சொல்லிரு. அவன் மூஞ்சியும் அவனும்."

அவ்வளவுதான். அரைமணி நேரம் நடந்தது சண்டை. என் வயது, என் திமிர், என் அப்பாவின் பிடிவாதம் எல்லாம் வந்து போயின. நானும் விடவில்லை. கோகிலாக்கா கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஆயோ, யார்கூடமா சத்தம் போடுற?"

"அம்மாகூடக்கா. நெசமாவே போன்ல இருக்காவ." போனைத் திருப்பிக் காட்டினேன். அம்மா மூச்சுவிடாமல் திட்டிக்கொண்டிருந்தாள். அக்கா சுவரில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

அடுத்த முறை மருத்துவமனையில் ஒரு படிவம் தந்தார்கள். எந்த அறிகுறி தெரிந்தால் உடனே அழைத்துவர வேண்டும் என்று கூட இருப்பவர் எழுத வேண்டும். அக்கா கிராணிக் கையெழுத்தில், மலாயில், ஒரே வரி எழுதினார்: இவள் தன் தாயோடு சண்டை போடாவிட்டால். டாக்டர் படித்துவிட்டுச் சிரித்தார். என்னைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார், கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்தார்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டையில் அம்மா வேண்டுமென்றே எதையாவது ஆரம்பித்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பினாங்கில் கோகிலாக்கா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, நான் பதிலுக்குக் கத்துகிறேனா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.