குடைக் கம்பெனி மாத்திரைக்கா

அந்தக் கம்பெனியில் அவளுக்கு வேலை, நாள் முழுக்கக் குடை விரிப்பது. தைத்து வந்த குடையைத் தலைக்கு மேல் விரித்து, ட்யூப் லைட்டைப் பார்த்தபடி ஒரு சுற்றுச் சுற்றி, எங்காவது ஓட்டை வழியாக வெளிச்சம் வருகிறதா என்று பார்த்து மடக்கி வைக்க வேண்டும். இப்படி வருஷக்கணக்கில் அண்ணாந்து பார்த்தால் யாருக்குத்தான் தலை வலிக்காது? அவளுக்கும் வலித்தது. ஒரு மாத்திரை போட்டாள், விட்டது. அதோடு கதை முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அவள் முன்யோசனைக்காரி. வலி வந்த பிறகு போடுவானேன், வருவதற்கு முன்பே போட்டுவிட்டால் வழியிலேயே மறித்துவிடலாமே என்று ஒருநாள் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து காலையில் பஸ் ஏறுமுன் ஒன்று. நாத்தனார் போன் பண்ணுவாள் என்று தெரிந்தால் ஒன்று. பண்ணாவிட்டால், ஏன் பண்ணவில்லை என்ற கவலைக்கு ஒன்று. சினிமாவுக்குப் போனபோது, படம் எப்படி இருக்குமோ என்று வாசலிலேயே ஒன்று போட்டாள். படம் நன்றாகத்தான் இருந்தது, தலைதான் வலித்தது.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்தே அவள் வாயில்லாப் பூச்சி. பேச்சுக் கொடுக்க ஆளில்லை. பக்கத்து மேஜையில் கம்பியோடு துணியைச் சேர்த்துக் கட்டுகிறவள் ஒருநாள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார, இவள் ஒரு மாத்திரையை நீட்டினாள். மறுநாள் அவள் இன்னொருத்தியையும் கூட்டி வந்தாள். கொஞ்ச நாளில் டீ நேரம் ஆனால் இவள் மேஜைக்கு முன்னால் கூட்டம். சூப்பர்வைசர்கூட வந்து நிற்பார். மாத்திரைக்கா என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. யாராவது வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுத்தால், "இந்தா, இதைப் போடு, சரியாயிடும்" என்று கையில் திணித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்ப்பாள். வாழ்க்கையில் முதல் முறையாக நாலு பேர் அவளைத் தேடி வந்தார்கள். அந்தச் சுகம் லேசுப்பட்டதா?

ஆனால் அவளுக்கு இப்போது கண் விழிக்கும்போதே தலை வலித்தது. கணவர் பஸ் டிரைவர், அதிகம் பேசாதவர். "போதும், கிளம்பு" என்று டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனார்.

"மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?"

"மாசத்துல இருக்கற எல்லா நாளும்தான்."

"அதனாலதான் வலிக்குது. இப்படி விடாம போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும்."

"சரிங்க. அப்ப அந்தத் தலைவலிக்கு எந்த மாத்திரை?"

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "எதுவும் இல்ல. நிறுத்தணும். முதல்ல இன்னும் ஜாஸ்தி வலிக்கும். சில வாரத்துல குறையும்."

"வலிக்கு மருந்து எழுதிக் கொடுப்பாங்கன்னு போனா, வலியையே எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று வழி நெடுகப் புலம்பினாள். கணவர் சிரித்தார், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் தன்னிடம் கைநீட்டுகிற அத்தனை பேருக்கும் தினமும் தலை வலிக்கிறதே, அது ஏன் என்று அப்போதுதான் உறைத்தது. இனி யாருக்கும் கொடுக்கக் கூடாது. கொடுக்காவிட்டால் தன்னை யார் சீந்துவார்கள்?

மறுநாள் வெறும் பையோடு போனாள். விஷயத்தையும் சொன்னாள். "தர மனசில்லன்னா நேரா சொல்லுக்கா, கதை விடாத" என்றாள் துணி கட்டுகிறவள். கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஓசியில் வந்ததைக் காசு கொடுத்து வாங்க ஒருத்தருக்கும் மனசு வரவில்லை.

அந்த வாரம் கம்பெனியே தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கைப்பிடி தலைகீழாக மாட்டப்பட்டது. மாத்திரைக்காவோ கை நுழைகிற ஓட்டையைப் பார்த்து, "காத்தோட்டமா இருக்கு" என்று பாஸ் பண்ணினாள். சூப்பர்வைசர் முதலில் ட்யூப் லைட்டைச் சந்தேகப்பட்டார். மாற்றினார், வலி போகவில்லை. பிறகு கறுப்புத் துணிதான் கண்ணைக் கெடுக்கிறது என்று கண்டுபிடித்து, இனிப் பூப்போட்ட குடை மட்டும்தான் என்று உத்தரவு போட்டார்.

சில வாரத்தில் வலி ஒவ்வொருவராக விட்டுப் போனது. "பார்த்தீங்களா, பூப்போட்ட குடை!" என்று சூப்பர்வைசர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். எல்லாரும் கை தட்டினார்கள்.

அவளுக்கும் தலை லேசாகிவிட்டது. மனசுதான் கனத்தது. டீ நேரத்தில் மேஜைக்கு முன்னால் ஈ காக்கை இல்லை. ஒரு சாயங்காலம் மருந்துக்கடை வாசலில் நின்றுவிட்டாள். ஒரே ஒரு அட்டை வாங்கினால் நாளைக்கே கூட்டம் திரும்பிவிடும். கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டதும் அழுகை வந்துவிட்டது. "ஒண்ணும் வேணாங்க" என்று வீட்டுக்கு நடந்தாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து, டீ நேரத்தில் துணி கட்டுகிறவள் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தலை வலிக்குதா?" என்று இவள் பதறினாள்.

"இல்லக்கா."

"அப்புறம் என்ன? எங்கிட்ட ஒண்ணும் இல்லையே."

"தெரியும். சும்மாதான் வந்தேன். எங்க வீட்டுல நேத்து என்ன நடந்துச்சு தெரியுமா?"

மாமியாரில் ஆரம்பித்தாள். கொழுந்தன், கொழுந்தன் பெண்டாட்டி, அவள் தம்பி வாங்கிய பைக் என்று போய், மறுபடி மாமியாருக்கே வந்தாள். மணி அடித்தும் நிறுத்தவில்லை. எப்பேர்ப்பட்டவருக்கும் தலை வெடிக்கிற கதை. மாத்திரைக்காவுக்கு வலிக்கவில்லை. "அப்புறம்?" என்று கேட்டாள்.