உறைபனிக்குக் காத்திருந்த கீரை

வெர்லீனக்காவின் பாத்தியில் உறைபனி விழுவதற்கு முன் கைவைத்தவன் அவள் வாயிலிருந்து தப்பியதில்லை. அமெரிக்காவின் தெற்கே மாண்ட்கோமரியில், எங்கள் தேவாலயத்துக்குப் பின்னாலுள்ள காலிமனையைப் பங்கு போட்டு ஆளுக்கொரு பாத்தி பயிர் செய்கிறோம். ஆகஸ்ட் வெயிலில் காலர்ட் கீரை நாற்று நட்டு, புழு பொறுக்கி, இலை விசிறிபோல் விரிந்த பிறகும் காத்திருக்க வேண்டும். முதல் உறைபனி பட்டால்தான் கசப்பு போய் இனிப்பு ஏறும். அதற்குமுன் பறிப்பவனை எங்கள் ஆட்கள் மனிதனாகவே மதிப்பதில்லை. நான் ஒருமுறை அக்டோபரில் நாலு இலை கிள்ளிவிட்டேன்.

"ஏன்டா ரூஃபஸ், ஜெபம் சொல்றதுக்கு முன்னாடியே தட்டுல கைவச்சிட்டியா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். அவளுக்குப் பக்கத்துப் பாத்திக்காரனாக இருப்பது லேசான பிழைப்பல்ல.

பள்ளிப் பேருந்து ஓட்டியே காலம் கழித்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா செத்தபோது தொட்டிலில் கிடந்த தம்பி ஹோஸியாவை அவள்தான் வளர்த்தாள். அவள் சமைத்த கீரை என்றால் அவனுக்கு உயிர்.

போன வருடம் ஹோஸியாவுக்கு ஈரலில் புற்றுநோய். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மருத்துவமனையில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பாழாய்ப்போன பனியோ அந்த வருடம் நவம்பர் முடியும்வரை எட்டிப் பார்க்கவில்லை. ஒருநாள் அவனை அழைத்துவந்து பாத்தி ஓரம் மடக்கு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"அக்கா, நாலு இலை பறிச்சு வேகவை. ஒரு கரண்டி சாறு போதும்."

"பனி விழலடா. கசக்கும்."

"கசந்தா கசக்கட்டும். நாக்கே செத்துப்போச்சு, அதுக்கு என்ன தெரியப்போவுது?"

"என் கீரை கசந்துச்சுன்னு மேல போய் அம்மாகிட்ட கோள் சொல்லுவ. பேசாம இரு."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"சாகப்போறவன் கேக்குறான். பனியாவது மண்ணாவது, குடுத்துத் தொலையேன்க்கா!"

"மெதுவாப் பேசு," என்றாள். "உனக்கு அவனைத் தெரியாது. சாப்பாடு வருதுன்னா பாதியில எந்திரிச்சுப் போறவன் இல்ல. கீரைக்காகக் காத்திருக்கிற வரைக்கும் இருப்பான். குடுத்துட்டா அப்புறம் எதுக்குடா இருப்பான்?"

தினமும் விடியலில் வந்து இலைகளைத் தடவிப் பார்ப்பாள். வெறும் பனித்துளிதான் இருக்கும். வானத்தைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவாள்.

டிசம்பர் முதல் வாரத்தில், ஒரு மத்தியானத் தூக்கத்தில் ஹோஸியா போய்விட்டான். அடக்கத்தன்று காலையில் புல்லெல்லாம் உறைபனியில் வெள்ளையாகக் கிடந்தது. நான் போனபோது அக்கா கறுப்பு உடையும் தொப்பியுமாக, வெறுங்கையால் வரிசை முழுவதையும் ஒடித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் விறைத்திருந்தன.

புகைபோட்ட வான்கோழிக் கழுத்தோடு, தேவாலயச் சமையலறையில் அவளே வேகவைத்தாள். அடக்கம் முடிந்து வந்தவர்கள் சோளரொட்டியைக் கீரைச் சாற்றில் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார்கள். "வெர்லீன், இப்படி ஒரு இனிப்பு எந்த வருஷமும் இல்ல!" என்று யாரோ புகழ்ந்தார்கள். அவள் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். முகம் கோணியது.

"ஆமாடா ரூஃபஸ், இனிக்குது," என்றாள். "ஒரு கரண்டிதான் கேட்டான். கசந்தாலும் பரவாயில்லன்னுதான் கேட்டான்." தட்டைத் தள்ளிவிட்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன்.

இந்த வருடமும் நாற்று நட்டாள். அக்டோபர் நடுவில், வெயில் இன்னும் சுட்டுக்கொண்டிருக்கும்போதே நாலு இலை பறித்தாள். மறுநாள் சின்னக் கிண்ணத்தில் கொண்டுவந்து, ஹோஸியாவின் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். கேலி செய்ய நல்ல சந்தர்ப்பம். நான் பக்கத்தில் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

"கசக்குதாக்கா?"

"கசக்குது," என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி எடுத்தாள்.