ஆறுச்சாமி வாங்கிய விளக்குகள்

நின்றால் கண் மூடும், ஓடினால் கண் திறக்கும். அது என்ன? டைனமோ விளக்கு என்று சட்டென்று சொல்லிவிட்டீர்களா? அப்படியானால் நீங்களும் இருட்டில் சைக்கிள் மிதித்து அவதிப்பட்டவர்தான். எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறையில் சைக்கிள் கடை வைத்திருந்தேன். ரோடு தெரிய வேண்டும் என்று விளக்கு வாங்க வந்தவர்கள் அபூர்வம். போலீஸ்காரருக்குத் தெரிய வேண்டும், பங்காளிக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஆறுச்சாமி ஒருவரைச் சொன்னால் போதும்.

எண்ணெய் விளக்கு

ஆறுச்சாமிக்கு ஊருக்குக் கிழக்கே வீடும் கடலைக்காடும். மகள் செல்வி இங்கே மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் அத்தை வீட்டில் இருப்பாள். காட்டு வேலை முடிந்து பொழுது சாய்ந்த பிறகு அவர் வந்து, அவளைக் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். பொள்ளாச்சிப் பக்கம் போகும் லாரிகளுக்கும் அதே ரோடுதான். இதைச் சொல்லி ஒரு மண்ணெண்ணெய் விளக்கு வாங்கினார்.

மறுவாரம் பஞ்சர் ஒட்ட வந்தார். சைக்கிளில் விளக்கு இல்லை. விளக்கில்லாத சைக்கிளைப் பிடித்தால் போலீஸ்காரர் காற்றைப் பிடுங்கிவிடும் காலம் அது. "வெளக்கக் காணோமுங்களே?" என்றேன். துணிப்பையைத் தட்டிக் காட்டினார்.

"பத்தவெச்சா எண்ணெ தீந்துபோகுதுங்க. போலீஸு கேட்டா எடுத்துக் காட்டுனாப் பத்தாதுங்களா?"

டைனமோ

பங்காளி டைனமோ மாட்டினார் என்று கேள்விப்பட்டதும் இவரும் வந்துவிட்டார். பங்காளியுடையதைவிடப் பெரிய முகம் உள்ள விளக்காகப் பார்த்து எடுத்தார். டைனமோ சக்கரத்தில் உரசினால்தான் விளக்கு எரியும்; உரசினால் மிதி கனக்கும். போதாததற்கு நம் பாலக்காட்டுக் கிழக்குக் காற்று வேறு எதிரே நின்று நெஞ்சைத் தள்ளும். சில நாள் கழித்துப் பார்த்தால், டைனமோவைச் சக்கரத்தில் படாமல் தூக்கிவிட்டு இருட்டில் போய்க்கொண்டிருக்கிறார். மறுநாள் கேட்டேன்.

"எதுக்காத்துல ஆரு மிதிக்கறதுங்க? பங்காளி ஊட்டு முன்னால மட்டும் போட்டுக்கறனுங்க."

வாய்க்கால்

ஒரு நாள் அந்திக்கு மேல், பின்னால் வந்த லாரி கடைசி நொடியில்தான் இவர்களைப் பார்த்தது. ஒடித்துத் திருப்பியும் கேரியரை உரசிவிட்டது. அப்பாவும் மகளும் வாய்க்காலில் விழுந்தார்கள். செல்விக்கு இரண்டு முழங்காலிலும் தோல் போயிற்று. மறுநாள் காலை ஆறுச்சாமி கடைக்கு வந்து, முன்னால் இன்னொரு விளக்கு மாட்டச் சொன்னார். லாரி வந்தது பின்னாலிருந்து அல்லவா என்று பொறுமையாகக் கேட்டேன்.

"பொறகால வெளக்கு மாட்டுனா நான் எப்புடிங்க பாக்கறது?"

செல்வி

அன்று சாயங்காலம் விளக்கைத் தேர்ந்தெடுக்க, முழங்கால் கட்டோடு செல்வியையும் கூட்டிவந்தார். "எது வேணுமோ நீயே எடு, கண்ணு" என்றார். நிக்கல் பூசிய விளக்குகள் இரண்டை மேசையில் வைத்தேன். பக்கத்தில், சைக்கிளின் பின்னால் மாட்டும், லாரி வெளிச்சம் பட்டால் தானே மின்னும் சிவப்புக் கண்ணாடி வில்லை ஒன்றையும் வைத்தேன். ஆறுச்சாமி பெரிய விளக்கை அவள் பக்கம் நகர்த்தினார். செல்வி வில்லையைத் தொட்டாள்.

"மாமா, இத அப்பாவால அணைக்க முடியுங்களா?"

முடியாது என்றேன். அவள் அதை எடுத்துக்கொண்டாள்.