நான் மறைத்த கண் ஆபரேஷன்

மூன்று வருடங்களுக்கு முன், ஓர் ஆடி மாதம். நானும் மகனும் மருமகளும் ஆலங்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுவேன்.

மகனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தான். நாலு வருடமாக நடை தள்ளாடியது, பேச்சு குழறியது. இரண்டு குதிகாலுக்கு மேலேயும் நரம்பு கட்டி போல வீங்கியிருந்தது. பீடி கூடத் தொடாதவனுக்கு ஊரில் குடிகாரன் என்று பேர். "காலையிலேயே ஏத்தியாச்சா மாப்ள?" என்று டீக்கடையில் கேட்பார்களாம். டிராக்டர் முதலாளி சாவியை வாங்கிக்கொண்டார். மருமகளே ஆரம்பத்தில் அவன் வாயை மோந்து பார்த்திருக்கிறாள். எத்தனையோ ஆஸ்பத்திரி ஏறி இறங்கியும் என்ன நோயென்று தெரியவில்லை.

இந்த டாக்டரம்மா மூளையை ஸ்கேன் எடுத்து, கம்ப்யூட்டரில் காட்டினார். பின்மண்டைக்குள் சிறுமூளையில், இடமும் வலமும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிந்தது. குதிகாலையும் அழுத்திப் பார்த்தார். ஒரு வகைக் கொழுப்பு மூளையிலும் நரம்பிலும் போய்ச் சேருகிற அபூர்வ நோயாக இருக்கலாம், அதுதான் என்றால் மாத்திரை உண்டு என்றார். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டார். அத்தை மகனைத்தான் கட்டினேன் என்றேன். அடுத்து, பையனுக்குச் சின்ன வயதில் கண்ணில் புரை விழுந்ததா என்றார்.

பன்னிரண்டு வயதில் அவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தோம். பெண் பார்க்கப் போனபோது, பையனுக்கு ஒரு குறையும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். அவனும் மூச்சு விடக்கூடாது என்று என் தலையில் கை வைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கியிருந்தேன். இப்போது மருமகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். இல்லை என்று தலையாட்டினேன். மகன் என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

அப்படியானால் முதலில் வேறு நோய்களைப் பார்ப்போம் என்று டாக்டரம்மா எழுத ஆரம்பித்தார். பேனா ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"எழுதாதீங்கம்மா. ரெண்டு கண்ணுலயும் ஆபரேசன் பண்ணிருக்கு. பொண்ணு வீட்டுக்குத் தெரியாம நாந்தான் மறைச்சேன்."

மருமகள் என் பக்கம் திரும்பி, "கண்ணுல புரைன்னு சொல்லியிருந்தா கட்டியிருக்க மாட்டேன்னா நெனச்சீங்க அத்தை? குடிகாரன்னு நெனச்சுக்கிட்டே குடும்பம் நடத்துனேனே, அதுக்கு இது தேவலையே" என்றாள்.



ரத்தப் பரிசோதனையில் அந்த நோய்தான் என்று உறுதியானது. மாத்திரை ஆரம்பித்தார்கள். இந்த நோய்க்காரர்கள் ரொம்பக் குறைவு, வருடா வருடம் மூளையைப் படம் எடுத்து ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாமா, பேர் போடமாட்டோம் என்று கேட்டார்கள். மகன் என் முகத்தைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டான்.

இப்போது கம்பு ஊன்றி நடக்கிறான். பேச்சு கொஞ்சம் தெளிந்திருக்கிறது. டிராக்டர் ஓட்ட முடியாது. கண்ணில் புரை விழுந்தபோதே கண்டுபிடித்திருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காதாம். அது எங்களுக்குத் தெரியாமல் போனது. பின்னால் போன நாலு வருடம் அப்படியில்லை; ஏறி இறங்கிய எந்த ஆஸ்பத்திரியிலும் கண் ஆபரேஷனை நான் சொல்லவில்லை.

ஸ்கேனுக்குக் கிளம்பும் ஒவ்வொரு தடவையும் மருமகள், "வேற ஏதாச்சும் மறைச்சு வச்சிருக்கீகளா அத்தை?" என்று கேட்டுச் சிரிப்பாள். நானும் சிரித்துவிடுவேன், ஆனால் அந்த மிஷின் டொக் டொக்கென்று அடிக்கிற சத்தத்தை வெளியே உட்கார்ந்து கேட்கும்போதெல்லாம், என் வாய்க்குள் இருந்ததைத் தேடித்தான் என் பிள்ளை அத்தனை ஊருக்குத் தள்ளாடி அலைந்தான் என்பது நினைவுக்கு வந்துவிடுகிறது.