குதிரைக்கு அனுப்பிய இருபது டொலர்

நாட்குறிப்பு எழுதுவது எனக்கு நெடுநாள் பழக்கம். திகதி, கிழமை, வெளியே எத்தனை பாகை குளிர், யாரோடு என்ன கதைத்தேன் என்பதெல்லாம் அதில் இருக்கும். அதனால்தான் நாங்கள் விட்பியில் வீடு வாங்கிய அந்த ஒக்ரோபர் வாரத்தை நாள் தவறாமல் சொல்ல முடிகிறது.

ஸ்காபரோவில் ஒரு பொதியிடும் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பகல் ஷிஃப்டில் நாங்கள் பன்னிரண்டு தமிழர் சேர்ந்து லொத்தர் எடுப்போம். மாதம் ஆளுக்கு இருபது டொலர். எதையும் எழுதி வைக்கிறவன் என்பதால் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். மற்றப் பதினொரு பேரும் தங்கள் பங்கை என் வங்கிக் கணக்குக்கு அனுப்புவார்கள். நான் செவ்வாயும் வெள்ளியும் இணையத்தில் சீட்டு வாங்குவேன். இத்தனை வருடத்தில் நாங்கள் வென்ற மிகப்பெரிய தொகை ஆளுக்கொரு பிட்சாவுக்குத்தான் காணும்.

மல்வேர்னில் வாடகை வீட்டில் பதினாறு வருடம் இருந்த பிறகு, விட்பியில் ஒரு டவுன்ஹவுஸுக்கு நாங்கள் கேட்ட விலைக்கு விற்பவர் சம்மதித்தது ஒரு வெள்ளிக்கிழமை. அடுத்த வெள்ளி பின்னேரம் ஐந்து மணிக்குள் மோட்கேஜ், அதாவது வீட்டுக் கடன், உறுதியாக வேண்டும். இல்லையென்றால் வீடு கைவிட்டுப் போகும். எங்களுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் அதே வீட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திங்கட்கிழமை மோட்கேஜ் ஏஜன்ட் போன் எடுத்தார். எங்கள் ஊர்ப் பக்கத்துப் பிள்ளை, நிதானமானவர்.

“அண்ணை, மூண்டு மாத ஸ்டேட்மென்ட் பாத்தனான். கிழமைக்கு ரெண்டு தரம் லொத்தருக்குக் காசு போயிருக்கு. அது நீங்களோ?”

“ஓம் தங்கச்சி. ஆனா அது எங்கட வேலையிடத்துக் கூட்டு.”

“எனக்கு விளங்குது. கடன் குடுக்கிறவைக்கு அது சூதாட்டமாத்தான் தெரியும். அதோட ஆர் ஆரோ இருபது இருபதா உங்களுக்கு அனுப்பியிருக்கினம். தொகை பெரிசில்லை அண்ணை. ஆள் கட்டுப்பாடில்லாமல் சூது விளையாடுறவரோ எண்டுதான் யோசிப்பினம். ரெண்டு வரியில விளக்கம் எழுதி, அவை தந்த லிங்கில போட்டுவிடுங்கோ. காணும்.”

இரண்டு வரி எனக்குக் காணாது. மூன்று பக்கம் எழுதினேன். அத்தோடு நிற்காமல், பதினொரு பேரும் மூன்று மாதத்தில் காசு அனுப்பியதற்கு வந்த முப்பத்து மூன்று மின்னஞ்சல்களையும் திகதி வாரியாக அடுக்கிச் சேர்த்தேன். தொகையும் திகதியும் மட்டுமே பார்க்கிறவன் நான். காசு அனுப்பும்போது கீழே ஒரு குறிப்பு எழுத இடம் உண்டு என்பது நினைவில் இல்லை.

செவ்வாய் மத்தியானம் திரும்பவும் போன்.

“அண்ணை, நீங்கள் குதிரைப் பந்தயம் நடத்துறனீங்களோ?”

“என்ன தங்கச்சி சொல்லுறீர்?”

“ஒராள் மூண்டு மாதமும் ‘குதிரைக்கு’ எண்டு இங்கிலிஷில எழுதிக் காசு அனுப்பியிருக்கிறார். இன்னொராள் ‘கசினோ’ எண்டு போட்டிருக்கிறார். அங்க ஒபிசர் கேக்கிறா, இவர் மற்ற ஆக்களின்ர பந்தயக் காசு சேர்க்கிறவரோ எண்டு.” பிறகு சொன்னார், “ரெண்டு வரி எண்டுதானே அண்ணை சொன்னனான்.”

பதினொரு பேரும் அது என்ன காசு என்று தனித்தனியே கடிதம் எழுதி, கையெழுத்தும் தொலைபேசி இலக்கமும் தரவேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வெள்ளி மத்தியானம்தான் கடைசி. ஒன்று குறைந்தாலும் கோப்பு நகராது.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் விஷயத்தைச் சொன்னேன். ஒருவர் தன் சாப்பாட்டுப் பெட்டியை மூடிவிட்டு அங்கேயே எழுதத் தொடங்கினார். கசினோக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். அன்று மாலைக்குள் பத்துக் கடிதம் சேர்ந்தது. யாரும் ஏன் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. இதை எழுதும்போதும் அதுதான் மனதில் நிற்கிறது.

பதினோராவது ஆள் குதிரைக்காரர். மன்னார் அண்ணை, எனக்கு அடுத்த மெஷினில் நிற்கிறவர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“தம்பி, நான் சும்மா சிரிக்க, பகிடிக்குத்தான் எழுதினனான். ஆனா வீட்டில சிக்கல். இனி லொத்தர் தொடமாட்டன் எண்டு மாதா படத்துக்கு முன்னால மனிசிக்குச் சத்தியம் பண்ணினனான். இந்தக் காசு வேலையிடத்துக் கோப்பிக்கு எண்டு சொல்லி வைச்சிருக்கிறன். என்ர போன் எப்பவும் அவவின்ர கையிலதான், அவை எடுத்தா அவதான் கதைப்பா.”

அவரைக் கட்டாயப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. “யோசியுங்கோ அண்ணை” என்று மட்டும் சொன்னேன். வியாழக்கிழமை அவர் வேலைக்கு வரவில்லை. வீட்டில் என் மனைவி, குடிபோவதற்கென்று வாங்கி வைத்த பெட்டிகளைத் திரும்பக் கொடுக்கலாமா என்று கேட்டாள். அன்றைய பக்கத்தில் பாகைகூட எழுதவில்லை.

பின்னேரம் ஆறு மணிக்குக் கதவு தட்டியது. மன்னார் அண்ணை நின்றார். அவருக்கு முன்னால் அவருடைய மனைவி, எங்கள் பிள்ளைகள் அன்ரி என்று கூப்பிடுகிறவர், கையில் ஒரு கடித உறையோடு.

“இவர் குதிரை வளர்க்கிறார் எண்டு எனக்கு இண்டைக்குத்தான் தெரியும், தம்பி,” என்றார்.

அண்ணை சப்பாத்தைக் கழற்றுவதிலேயே கவனமாக இருந்தார். “காலமை எல்லாத்தையும் சொல்லிப்போட்டன்,” என்றார் குனிந்தபடி. “மத்தியானம் வரைக்கும் இவ என்னோட கதைக்கேல்லை.”

“கோப்பி, கோப்பி எண்டு ரெண்டு வருசம்,” என்றார் அன்ரி. “பேச இருக்கு, பிறகு பேசுவன். இவற்ற பகிடிக்கு உங்கட பிள்ளையளின்ர வீடு போகக்கூடாது. இவற்ற இங்கிலிஷை நம்பேலாது, நான்தான் எழுதினனான். அவர் சைன் வைச்சது மட்டும்தான்.”

நீல மையில், ஒரு வெட்டுத்திருத்தம் இல்லாமல் எழுதியிருந்தார். காசு லொத்தர் கூட்டுக்கு என்றும், கணக்கு வைத்திருப்பவர் நேர்மையானவர் என்றும் இருந்தது. கடைசியில் தனியே ஒரு வரி: குதிரை எதுவும் இல்லை; என் கணவர் எழுதியது பகிடி; அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கிறேன். அதற்குக் கீழே தன் இலக்கத்தையும் போட்டிருந்தார்.

வெள்ளி காலை பதினொரு கடிதங்களை அனுப்பினேன். வேறு எதையும் சேர்க்கவில்லை. பின்னேரம் மூன்று இருபதுக்கு ஏஜன்ட் அழைத்தார். “சரி அண்ணை, அப்ரூவ் ஆகிட்டுது. அந்த அன்ரிக்கு ஒபிசர் போன் எடுத்தவவாம். குதிரை இல்லை எண்டதைத் திரும்பவும் சொன்னவவாம்.”

இப்போது எங்கள் கூட்டு சீட்டை மூலைக் கடையில், கையில் காசு கொடுத்து வாங்குகிறது. பொறுப்பு கசினோக்காரரிடம். மன்னார் அண்ணை விலகிவிட்டார், உண்மையாகவே. குடிபுகுந்த அன்று இருவரும் ஒரு கோப்பி மெஷினோடு விட்பிக்கு வந்தார்கள். பெட்டியில் அன்ரி தன் கையெழுத்தில் எழுதியிருந்தார்: “கோப்பிக்கு”. அந்த அட்டைத் துண்டையும் வெட்டி, கடிதங்களின் பிரதிகளோடு அந்த வாரத்துப் பக்கங்களுக்குள் வைத்திருக்கிறேன்.